பணியிட மாற்றத்தைத் தாண்டி நிற்கும் போர்ட்டல்: ராணுவத் தலைமையகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ராணுவத்தில் எந்த நாற்காலியும் எவருக்கும் நிரந்தரமில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் இடமாற்ற உத்தரவு வந்துவிடும். களப்பணியில் அந்தக் காலம் இன்னும் குறுகும். வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படை வீரர்கள் பொதுவாக ஓராண்டுதான் களத்தில் இருந்தார்கள். பட்டாலியன் தளபதிகள் பலர் ஆறு மாதத்திலேயே பொறுப்பை மாற்றிக்கொண்டார்கள். நிலமும் எதிரியும் ஒருவருக்குப் பிடிபடும் நேரத்தில் அவர் விமானம் ஏறிவிடுவார். வந்தவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்.

இந்த இழப்பைத் தடுப்பதற்காகத்தான் இன்று ஏறக்குறைய எல்லாத் தலைமையகங்களிலும் உள்வலைப் போர்ட்டல், அதாவது படையினர் மட்டும் திறக்கும் உள் இணையதளம், இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அது பழைய பவர்பாயிண்ட் கோப்புகளின் கிடங்காக மாறிவிடுகிறது. கணினி கொஞ்சம் தெரிந்தவர் யாரோ அவரிடம், 'இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பொறுப்பு வந்து சேர்ந்தவருக்காகவே இந்த வழிகாட்டி.

இதில் சொல்லப்படும் எல்லாம் ஒரே விதியிலிருந்து கிளைப்பவை: போர்ட்டலில் உள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு பதவிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், ஓர் ஆளுக்கு அன்று.

படி 1: மென்பொருளைத் தொடுமுன் எழுத்தில் ஓர் உத்தரவு

போர்ட்டல் பொறுப்பாளர் இளநிலை அதிகாரியாகவோ எழுத்தராகவோதான் பெரும்பாலும் இருப்பார். அவர் மூத்த அதிகாரியின் பிரிவுக்குச் சென்று, 'உங்கள் பக்கம் இரண்டு ஆண்டாகப் புதுப்பிக்கப்படவில்லை' என்று சொன்னால் தேநீர் கிடைக்கலாம், வேலை நடக்காது. தளபதியின் கீழ் தலைமையகப் பிரிவுகளை ஒருங்கிணைக்கும் தலைமை அலுவலரின் கையொப்பம் இட்ட உத்தரவு இருந்தால் நடக்கும். ஆகவே முதல் வேலை ஒரே பக்க அளவில் ஒரு நிலையான உத்தரவை வரைந்து கையெழுத்து வாங்குவது.

அதில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்கட்டும். போர்ட்டல் எந்த முடிவுகளுக்கு உதவ வேண்டும்? எந்த ஆவணங்களுக்குப் போர்ட்டலில் உள்ள பதிப்பே ஒரே செல்லுபடியாகும் பதிப்பு? ஒவ்வொரு பிரிவிலும் உள்ளடக்கப் பொறுப்பு எந்தப் பதவிக்கு? பிரிவுகளிடையே தகராறு எழுந்தால் தீர்ப்பது யார்?

இன்னொன்றையும் இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். போர்ட்டல் பொறுப்பு சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) அல்லது தகவல் தொழில்நுட்பப் பிரிவின் கீழ் போகாமல், தலைமை அலுவலரின் நேரடிப் பார்வையில் இருக்க வேண்டும். சர்வரைப் பராமரிப்பது தொழில்நுட்பப் பிரிவின் வேலை; அதில் உள்ள தகவல் சரியா என்பது கட்டளையின் வேலை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால், பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், அதில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க மாட்டார்கள்.

ஒருவர் அறிந்ததை அமைப்பு முழுவதற்கும் பயன்படச் செய்வதற்கு அறிவு மேலாண்மை என்று பெயர். அமெரிக்கத் தரைப்படையின் அறிவு மேலாண்மைக் கையேடுகள் இந்தத் துறையை நான்கு கூறுகளாகப் பிரிக்கின்றன: மனிதர்கள், செயல்முறைகள், கருவிகள், அமைப்பு. பணியின் போக்கையும் ஐந்து கட்டங்களாக வகுக்கின்றன: மதிப்பிடு, வடிவமை, உருவாக்கு, முன்னோட்டம் பார், நடைமுறைப்படுத்து. யாரும் மறுக்காத வரிசைதான். ஆனால் பணம் ஒதுக்கப்பட்டதும் எல்லோரும் மூன்றாவது கூறான கருவியில்தான் போய் விழுகிறார்கள்.

கருவி எவ்வளவு பெரியதானாலும் ஒருநாள் போகும். 'ஆர்மி நாலெட்ஜ் ஆன்லைன்' என்ற அமெரிக்கத் தரைப்படைப் போர்ட்டல் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு, குழுப் பக்கங்கள் என்று படைவீரர்களின் அன்றாடக் கருவியாகப் பரந்தது. கடைசியில் அந்த வேலைகள் ஒவ்வொன்றாக வேறு அமைப்புகளுக்குப் போய், பழைய வடிவம் மூடப்பட்டது. நீங்கள் அமைக்கும் போர்ட்டலுக்கும் அந்த நாள் வரும். எனவே எந்த உள்ளடக்கமும் வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்லக்கூடிய வடிவில் இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் தனி நிரலில் மட்டும் திறக்கும் அலங்காரங்கள் வேண்டாம்.

படி 2: அறிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

கணினி முன் உட்கார்வதற்கு முன் பிரிவு பிரிவாக நடந்து போங்கள். இரவுப் பணி அதிகாரி, சம்பளக் கணக்கு எழுத்தர், வாகனப் பிரிவுப் பொறுப்பாளர், மருத்துவ உதவியாளர் ஆகியோரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'கடந்த வாரம் வேலைக்காக எந்தத் தகவலைத் தேடினீர்கள், கடைசியில் எங்கே கிடைத்தது?'

பாதி விடைகள் ஆட்களின் பெயர்களாக இருக்கும். 'அந்த மூத்த சார்ஜன்டைக் கேட்டேன், அவருக்குத்தான் தெரியும்.' இந்தப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதுங்கள். பக்கத்தில் அவரிடம் மட்டும் உள்ள அறிவு எது, அவர் எப்போது மாற்றலாகிறார் அல்லது ஓய்வுபெறுகிறார் என்று குறியுங்கள். தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் உங்கள் வேலையின் முன்னுரிமை தானாகத் தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் போகப்போகிறவருடைய அறிவை இப்போதே பதிவுசெய்யாமல் முகப்புப் பக்கத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

அதன் பிறகு உள்ளடக்கக் கணக்கெடுப்பு. போர்ட்டலில் இருந்து எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள்: பெயர், இடம், கடைசியாக மாற்றிய நாள், கடைசியாகத் திறந்த நாள், பதிவேற்றியவர். பதிவேற்றியவர் வரிசையில் பார்த்தால், மாற்றலாகிப் போன ஆட்களின் பெயரில் எவ்வளவு கிடக்கிறது என்பது வெளிப்படும். அவையெல்லாம் அநாதைக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவதொரு பதவி உரிமையேற்க வேண்டும். எவரும் ஏற்காதவை ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

காப்பகம் என்று சொல்வதைக் கவனியுங்கள். 'நீக்கு' பொத்தான் ராணுவத்தில் அவ்வளவு எளிதானதன்று. உத்தரவுகள், விசாரணை அறிக்கைகள், செலவுக் கணக்குகள், நடவடிக்கைப் பதிவேடுகள் ஆகியவை அலுவல் ஆவணங்கள். அவற்றை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமும் ராணுவ விதிகளும் நிர்ணயிக்கின்றன. அமெரிக்கத் தரைப்படைக்கு ஆவண மேலாண்மைக்கெனத் தனி ஒழுங்குமுறையே உண்டு. இந்தியாவில் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்குத் தயாரித்த ஐந்து வரைவுகளை அழிக்கலாம். இறுதியாக ஒப்பமிட்ட பிரதியை ஆவணக் காப்பாளரின் ஒப்புதலின்றித் தொடக்கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். எதை, எப்போது, எந்த விதியின்படி அழித்தீர்கள் என்ற பதிவேடு உங்களிடம் இருக்கட்டும்.

படி 3: ரகசிய நிலையைத் தீர்மானிப்பது

இந்த வழிகாட்டியில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. மற்ற தவறுகள் சங்கடத்தைத் தரும். இங்கே செய்யும் தவறு உயிரை எடுக்கும்.

முதலில் தகவல் எந்த வலையமைப்புக்கு உரியது என்று பிரிக்க வேண்டும். பொதுமக்கள் பார்க்கும் இணையதளம், ரகசியமற்ற உள்வலை, ரகசிய வலையமைப்பு என்று பெரும்பாலான ராணுவங்களில் மூன்று உலகங்கள் உண்டு. அமெரிக்க வகைப்பாட்டில் அதி ரகசியம், ரகசியம், மந்தணம் என மூன்று நிலைகள். நேட்டோவில் இவற்றுக்குக் கீழே இன்னொன்று சேர்ந்து நான்கு. பிரிட்டன் 2014இல் தன் பழைய நிலைகளைச் சுருக்கி மூன்றாக்கியது. எந்த நாடாயினும் நடைமுறை ஒன்றே: முத்திரை கோப்பின் மேல் மட்டும் இருந்தால் போதாது, பக்கத்திலும், முடிந்தால் பத்தியிலும், மெட்டாடேட்டாவிலும் (கோப்பைப் பற்றிய உள்குறிப்புகளிலும்) இருக்க வேண்டும். ரகசிய முத்திரையைக் கணினி படிக்கும் வகையில் எழுதுவதற்கும், அதைக் கோப்போடு பிரியாமல் பிணைப்பதற்கும் நேட்டோவில் 4774, 4778 என்ற எண்ணுள்ள இரண்டு தர உடன்பாடுகள் இருக்கின்றன. மனிதர் மறந்தாலும் நுழைவாயில் மென்பொருள் முத்திரையைப் படித்துத் தடுக்க முடியும் என்பதே இதன் பயன்.

அடுத்தது சேர்க்கையால் உண்டாகும் ரகசியம். விடுப்புப் பட்டியல் ரகசியமன்று. வாகனங்களின் பழுது நிலையும் தனியாகப் பார்த்தால் பெரிதன்று. பயிற்சி நாட்காட்டியும் அப்படியே. மூன்றையும் ஒரே முகப்பில் அழகாகத் தொகுத்துவிட்டால், படைப்பிரிவு எந்த வாரம் பலவீனமாக இருக்கும் என்ற விடை எதிரியின் கையில். போர்ட்டல் என்பதே சிதறியதை ஒன்றுசேர்க்கும் கருவி என்பதால் இந்த ஆபத்து அதன் பிறவிக்குணம். ஒவ்வொரு தொகுப்புப் பக்கத்தையும் பாதுகாப்பு அதிகாரி தனி ஆவணமாகக் கருதி மதிப்பிட வேண்டும்.

பொது இணையதளத்துக்குப் போகும் ஆவணங்களில் வரிகளை மறைப்பது மற்றொரு கண்ணிவெடி. 2005இல் ஈராக்கில் இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி அமெரிக்கச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிய ராணுவ அறிக்கை பிடிஎஃப் கோப்பாக வெளியிடப்பட்டது. ரகசிய வரிகள் மேல் கறுப்புப் பட்டை இருந்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டியதும் மறைத்த எழுத்து முழுவதும் வந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2011இல், பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் அணுசக்தி நீர்மூழ்கிகள் பற்றிய ஆவணத்தில் இதே தவற்றைச் செய்தது. மறைக்க வேண்டிய சொற்களை மூலக்கோப்பிலேயே அழித்து, அதன் பிறகு புதிய பிடிஎஃப் உருவாக்குங்கள். பட்டை பூசுவது அச்சுத்தாளுக்கு உரிய முறை.

படங்களிலும் இதே எச்சரிக்கை. 2007இல் ஈராக்கிலுள்ள ஒரு தளத்துக்குப் புதிதாக வந்த ஹெலிகாப்டர்களை வீரர்கள் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். படத்திலேயே இருந்த இடக்குறிப்பை வைத்து எதிரிகள் மோர்ட்டார் தாக்குதல் நடத்தி நான்கு அபாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தார்கள் என்று அமெரிக்கத் தரைப்படையே பின்னர் தன் வீரர்களுக்குச் சொன்னது. பதிவேற்றும்போது படத்தின் உள்குறிப்புகள் தானாக நீங்கும்படி போர்ட்டலை அமையுங்கள். மனிதர்களின் நினைவை நம்ப வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் ரகசியக் கோப்பு ஒன்று ரகசியமற்ற போர்ட்டலில் ஏறும். பார்த்தவுடன் பதறி அழித்துவிடத்தான் கை போகும். அழிக்காதீர்கள். அழித்தாலும் அது காப்பு நகலிலும், தேடல் அட்டவணையிலும், பிறர் இறக்கிவைத்த பிரதிகளிலும் உயிரோடு இருக்கும்; அது எங்கெல்லாம் போனது என்று கண்டுபிடிக்கும் தடயம் மட்டும்தான் போகும். பக்கத்தின் அணுகலை நிறுத்துங்கள், பாதுகாப்பு அதிகாரிக்கு நேரிலோ பாதுகாப்பான தொலைபேசியிலோ தெரிவியுங்கள், கோப்பின் பெயரையும் இணைப்பையும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எதிர்த்திசையிலும் தவறு உண்டு. வம்பு வேண்டாமென்று எல்லாவற்றுக்கும் ரகசிய முத்திரை குத்துபவர்கள் இருக்கிறார்கள். 2001 தாக்குதல்களை விசாரித்த அமெரிக்க ஆணையம், அமைப்புகள் தகவலை ஒன்றோடொன்று பகிராததை முக்கியக் குறையாகச் சொன்னது. பகிர்வு தாராளமானதன் மறுபக்கம் 2010இல் விக்கிலீக்ஸ் வழியே தெரிந்தது: கீழ்நிலைப் பகுப்பாய்வாளர் ஒருவரின் இருக்கையிலிருந்து இரண்டரை லட்சம் தூதரகச் செய்திகள் வெளியேறின. என் கருத்து இது: பார்க்கும் உரிமையை வேலையின் தேவைக்கேற்பத் தாராளமாகக் கொடுங்கள், மொத்தமாக இறக்கும் உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரே கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாகக் கோப்புகள் இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கட்டும்.

படி 4: தேடுபவர் கண்ணோடு கட்டமைப்பது

ஆளணி, உளவு, நடவடிக்கை, வழங்கல் என்று தலைமையகத்தின் பிரிவு வரிசையையே போர்ட்டலின் பட்டியலாக வைப்பது வழக்கம். அமைப்பவர்களுக்கு வசதி, தேடுபவர்களுக்குத் தொல்லை. புதிதாக வந்த லெப்டினன்ட் ஒருவருக்குத் துப்பாக்கிச் சுடுதளத்தை முன்பதிவு செய்ய வேண்டும். அது நடவடிக்கைப் பிரிவிடமா, பயிற்சிப் பிரிவிடமா, வழங்கல் பிரிவிடமா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முகப்பில் செயல்களை வையுங்கள்: பயிற்சிக்கு இடம் கேட்க, விபத்தை அறிவிக்க, வாகனம் பெற, புதிதாக வந்து சேர, மாற்றலாகிப் போக. பின்னணியில் எந்தப் பிரிவு பராமரிக்கிறது என்பது பயனருக்கு இரண்டாம் பட்சம்.

முகப்புப் பக்கத்துக்கு ஒரே சோதனைதான். அதிகாலை இரண்டு மணிக்கு ஏதோ கோளாறு என்று தொலைபேசி வந்தால், இரவுப் பணி அதிகாரிக்குத் தேவையானது முதல் திரையிலேயே இருக்கிறதா? தளபதியின் படமும் வாழ்த்துரையும் கீழே போகட்டும். இதைச் சொல்லும் துணிச்சல் இல்லாததால்தான் பல போர்ட்டல்கள் படத்தொகுப்புகளாக நிற்கின்றன. படி 1இல் வாங்கிய கையொப்பம் இங்கே உதவும்.

கோப்புப் பெயருக்கு ஒரு விதி போதும்: ஆண்டு-மாதம்-நாள், பிரிவு, பொருள், ஆவண வகை. ஆண்டு முதலில் வந்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 'இறுதி', 'புதிய இறுதி', 'இதுவே இறுதி' போன்ற பெயர்களை உத்தரவிட்டே தடைசெய்யுங்கள். பதிப்புகளைக் கணக்கு வைக்கப் போர்ட்டலிலேயே வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் ஒரே பெயர், ஒரே இணைப்பு, பல பதிப்புகள்.

மெட்டாடேட்டாவில் பேராசை வேண்டாம். உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் தரத்திலேயே அடிப்படைக் கூறுகள் 15தான். அவசரத்தில் பதிவேற்றும் கேப்டனிடம் இருபது கட்டங்களை நிரப்பச் சொன்னால் எல்லாவற்றிலும் 'பொது' என்று அடித்துவிட்டுப் போவார். தலைப்பு, உரிமைப் பதவி, ரகசிய நிலை, ஆவண வகை, மறுஆய்வு நாள் ஆகிய ஐந்தைக் கட்டாயமாக்குங்கள். வகையையும் பதவியையும் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.

சுருக்கப் பெயர்கள் ராணுவத்தின் தாய்மொழி. ஒரே பொருளை ஒரு பிரிவு சுருக்கமாகவும் இன்னொரு பிரிவு முழுப்பெயரிலும் எழுதும். கூட்டுப்படைகளில் ஒரே சுருக்கத்துக்கு மூன்று பொருள்கூட இருக்கும். தேடல் பொறியில் இணைச்சொல் பட்டியலைச் சேர்த்துவிட்டால் எதை அடித்தாலும் சரியான பக்கம் வரும். செலவில்லாத வேலை; ஆனாலும் யாரும் செய்வதில்லை.

படி 5: பதவிக்கு உரிமை, பதவிக்கு அனுமதி

அனுமதிகளை ஒருபோதும் ஆளின் கணக்குக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள். 'நடவடிக்கைப் பிரிவு அதிகாரி' என்று ஒரு குழுவை உருவாக்கி, அந்தக் குழுவுக்குப் பக்கத்தைத் திருத்தும் உரிமையைக் கொடுங்கள். ஆள் மாறும்போது குழுவில் ஒரு பெயரை எடுத்து மற்றொன்றைச் சேர்த்தால் வேலை முடிந்தது. நேரடியாகக் கொடுத்திருந்தால், போனவர் வேறு தளத்திலிருந்துகொண்டு இன்னும் உங்கள் கோப்புகளைப் பார்க்கலாம். வந்தவரோ தன் சொந்தப் பக்கத்தைத் திருத்த முடியாமல் நிற்பார். இரண்டும் ஒரே நாளில் நடப்பதுதான் வேடிக்கை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று வரிகள் கட்டாயம் தெரியட்டும்: உரிமைப் பதவி, அந்தப் பதவியின் அலுவலகத் தொலைபேசி, அடுத்த மறுஆய்வு நாள். ஆளின் பெயர் அங்கே வேண்டாம். பெயர் பழசாகும், பாதுகாப்புக்கும் நல்லதில்லை.

இதை நிலைநிறுத்தும் ஆணி, மாற்றலாகிப் போகிறவர் சுற்றிக் கையெழுத்து வாங்கும் விடுவிப்புப் படிவம். ஆயுதக் கிடங்கு, நூலகம், உணவகக் கணக்கு என்று அதில் பல கட்டங்கள் இருக்கும். அவற்றோடு 'போர்ட்டல்' என்ற கட்டத்தையும் சேர்த்துவிடுங்கள். உரிமைப் பக்கங்களை ஒப்படைத்து, கணக்கிலிருந்து நீங்கினால்தான் அந்தக் கையெழுத்து. எத்தனையோ கருத்தரங்குகளால் ஆகாத காரியத்தை இந்த ஒரு கட்டம் செய்துவிடும்.

படி 6: வெளியீடும் மறுஆய்வும்

எழுதுபவர், சரிபார்ப்பவர், வெளியிட ஒப்புதல் தருபவர் என மூவர் போதும். உள்வலையில் அன்றாடத் தகவலுக்குச் சரிபார்ப்பவரே வெளியிடலாம். பொது இணையதளத்துக்கு மட்டும் பாதுகாப்பு ஆய்வும் மக்கள் தொடர்பு அதிகாரியின் ஒப்புதலும் கட்டாயம். ஐந்து கையெழுத்து கேட்டால் எல்லோரும் மின்னஞ்சலுக்கே திரும்பிவிடுவார்கள்.

மறுஆய்வுக் காலம் பொருளுக்குப் பொருள் மாறும். அவசரத் தொடர்பு எண்கள் மாதந்தோறும், நிலையான செயல்முறைகள் ஆண்டுக்கொரு முறையும் ஒவ்வொரு பெரிய பயிற்சிக்குப் பிறகும், வரலாற்றுப் பக்கங்கள் எப்போதாவது. நாள் கடந்த பக்கத்தின் தலையில் 'மறுஆய்வு நிலுவையில் உள்ளது' என்ற பட்டை தானாக வரும்படி செய்யுங்கள். பழைய தகவலைவிட, பழையது என்று தெரியாத தகவல்தான் ஆபத்து.

போர்ட்டலுக்கு உயிர் கொடுப்பது தளபதியின் பழக்கம். காலைக் கூட்டத்தில் அவர் போர்ட்டல் பக்கத்தையே திரையில் திறந்து பார்த்தால், அன்று காலைக்குள் எல்லாப் பிரிவுகளும் தங்கள் பகுதியைப் புதுப்பித்திருக்கும். தனியாகப் பவர்பாயிண்ட் கோப்பு கேட்டால், போர்ட்டல் அன்றிலிருந்து இரண்டாம் பிரதி. தலைமை அலுவலரிடம் இதை மட்டும் விடாமல் வற்புறுத்துங்கள். அதோடு, கோப்பை இணைத்து அனுப்பாமல் இணைப்பை மட்டும் அனுப்புவது என்ற பழக்கத்தை உங்கள் பிரிவிலிருந்தே தொடங்குங்கள்.

படி 7: அனுபவத்தைப் படிப்பினையாக மாற்றுவது

கோப்பு மேலாண்மை இதுவரை. அறிவு மேலாண்மை இங்கேதான் தொடங்குகிறது.

நடவடிக்கைக்குப் பிந்தைய ஆய்வு என்ற முறையை அமெரிக்கத் தரைப்படை 1970களில் உருவாக்கியது. 1980களில் கலிபோர்னியாப் பாலைவனத்திலுள்ள ஃபோர்ட் இர்வின் தேசியப் பயிற்சி மையத்தில் அது வேரூன்றியது. எது நடக்க வேண்டியிருந்தது, எது நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்வோம்? நான்கே கேள்விகள். பதவி வேறுபாடின்றி எல்லோரும் பேச வேண்டும், பேசியதற்காக எவர்மீதும் நடவடிக்கை வரக்கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை உடைந்தால் முதல் நிபந்தனை தானே செத்துவிடும். ஆகவே ஆய்வின் பதிவில் பெயர்களை எழுதாதீர்கள். 'முன்னணிப் படைக்குழு', 'தொடர்பாளர்' என்று பணியைக் குறிப்பிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணை வேறு வழியில், வேறு கோப்பில் நடக்கட்டும்.

இப்படிக் கிடைத்தவற்றைத் திரட்டிப் பரப்ப அமெரிக்கத் தரைப்படை 1985இல் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் தனி மையம் அமைத்தது. நேட்டோவின் படிப்பினை மையம் 2002இல் லிஸ்பனில் வந்தது. நேட்டோவின் முறையில் எனக்குப் பிடித்தது, கண்டறிந்த படிப்பினையையும் கற்ற படிப்பினையையும் அது கறாராகப் பிரிப்பது. குறையைக் கவனித்து, காரணத்தை ஆராய்ந்து, திருத்தத்தைச் சொன்னால் அது கண்டறிந்த நிலைதான். திருத்தத்துக்குப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டு, அது நடைமுறைக்கு வந்து, பலித்ததா என்று சரிபார்த்த பின்பே கற்றதாகக் கணக்கு. பெரும்பாலான போர்ட்டல்களில் 'படிப்பினைகள்' என்ற தலைப்பின் கீழ் கிடப்பவை முதல் வகை மட்டுமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆகவே போர்ட்டலில் ஒவ்வொரு படிப்பினையும் தனிப் பதிவாக இருக்க வேண்டும், நாற்பது பக்க அறிக்கைக்குள் புதைந்திருக்கக் கூடாது. கவனித்தது என்ன, எந்தச் சூழலில், காரணம், பரிந்துரை, பொறுப்புப் பதவி, நிலை, இதனால் மாறிய செயல்முறையின் இணைப்பு ஆகிய ஏழு கட்டங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்வரை பதிவை முடிக்க மென்பொருள் அனுமதிக்கக் கூடாது. உதாரணமாக, இரவு ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் இரண்டு வாகனக் குழுக்கள் ஒரே வானொலி அலைவரிசையில் மோதிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். 'தொடர்பை மேம்படுத்த வேண்டும்' என்பது படிப்பினையன்று, அது பெருமூச்சு. 'கடவுப் புள்ளிக்குத் தனி அலைவரிசை ஒதுக்கும் வரி, ஆற்றுக் கடவுச் செயல்முறையில் சேர்க்கப்பட்டது. அடுத்த பயிற்சியில் சரிபார்க்கப்படும்' என்பதே பதிவு.

எழுத்தில் வராத அறிவுக்கு வேறு வழி தேவை. படி 2இல் தயாரித்த பட்டியலில் உள்ளவர்களோடு, அவர்கள் போவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்றால் சம்பிரதாயப் பேச்சுதான் வரும். 'இந்தப் பணியில் புதியவர் முதல் மாதத்தில் எங்கே தடுக்கி விழுவார்?', 'விதிப்புத்தகத்தில் இல்லாத எதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள்?', 'எந்த ஒலியைக் கேட்டால் இயந்திரம் பழுதாகப் போகிறது என்று தெரிந்துகொள்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அவர் வேலை செய்வதைச் சிறு காணொளிகளாக எடுத்து, கேள்வி வாரியாகப் பிரித்துப் போடுங்கள். முழு நேர்காணலைப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

மேலிருந்து வராத அறிவையும் தடுக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கத் தரைப்படையின் இளம் அதிகாரிகள் சிலர், கம்பெனித் தளபதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தளத்தைத் தாங்களாகவே தொடங்கினார்கள்; அது பயன்பட்டதைக் கண்டு பின்னர் ராணுவமே அதைத் தத்தெடுத்தது. ஒரே வேலையைச் செய்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் இடத்துக்கு ஒரு நெறியாளர் போதும்; ஒப்புதல் அடுக்குகள் வேண்டாம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்வி எதுவோ, அதற்கான செயல்முறை எங்கோ தெளிவில்லாமல் இருக்கிறது என்று பொருள்.

படி 8: இணைப்பு இல்லாத இடத்துக்கும் தயார் செய்வது

களத்தில் வலையமைப்பு மெதுவாக இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. முதலில் தாக்கப்படுவதும் அதுதான். முக்கியப் பக்கங்கள் படங்களற்ற எடை குறைந்த வடிவில் திறக்க வேண்டும். களத்துக்குப் போகும் பிரிவு தனக்கு வேண்டிய தொகுப்பைக் குறியாக்கம் செய்த சாதனத்தில் எடுத்துச் செல்ல வேண்டும். அதன் ரகசிய நிலையும் எடுத்த நாளும் அதன்மேல் தெரிய வேண்டும். மிகமிக அவசியமான சில பக்கங்கள் அச்சிட்டுக் கட்டளை மையத்தில் தொங்கட்டும்.

காப்பு நகல் எடுக்கிறோம் என்ற சொல்லை நம்பாதீர்கள். மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். வேறொரு சர்வரில் போர்ட்டலை முழுவதும் எழுப்பிப் பார்க்காதவரை, காப்பு நகல் இருக்கிறது என்று கணக்கில் எழுத வேண்டாம்.

படி 9: அளவிடுவது

பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கும். ஆனால் முகப்புப் பக்கம் எல்லாக் கணினியிலும் தானாகத் திறக்கும்படி அமைத்திருந்தால் அந்த எண் வானத்தைத் தொடும். அதனால் ஒன்றும் தெரியாது. விடை கிடைக்காத தேடல்களின் பதிவை வாரந்தோறும் பாருங்கள். எந்தச் சொல்லைத் தேடி வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது, அடுத்து எந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்பதற்கான பட்டியல்.

மற்றொரு சோதனை, அந்த வாரம் வந்து சேர்ந்த ஒருவரைப் போர்ட்டல் முன் உட்காரவைத்து, அவர் பதவிக்குரிய பத்துக் கேள்விகளைக் கொடுப்பது. எவரையும் கேட்காமல் எத்தனைக்கு விடை கண்டார், எவ்வளவு நேரமாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். தலைமை அலுவலருக்குக் காட்டவும் இதைவிட நேர்மையான எண் இல்லை.

படி 10: உங்கள் நாற்காலியை ஒப்படைப்பது

உங்களுக்கும் இடமாற்ற உத்தரவு வரும். அதற்குள் சான்றிதழ்கள் காலாவதியாகும் நாட்கள், மென்பொருள் உரிமங்கள், குழுக்களின் பட்டியல், அழிப்புப் பதிவேடு, நிலுவையிலுள்ள படிப்பினைகள் ஆகியவை போர்ட்டலிலேயே, உங்கள் பதவியின் பக்கத்தில் இருக்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொற்கள் மட்டும் முத்திரையிட்ட உறையில் பாதுகாப்புப் பெட்டகத்துக்குப் போகட்டும். முழு உரிமையுள்ள இரண்டாவது நிர்வாகி ஒருவரை முதல் மாதத்திலேயே நியமித்து, நீங்கள் விடுப்பில் போகும்போது தனியாக நடத்தவிடுங்கள். வருபவரோடு குறைந்தது ஒரு வாரம் சேர்ந்து உட்காரும்படி ஒப்படைப்புத் தேதியைத் தலைமை அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அந்த வாரத்தில் விசைப்பலகை அவர் கையில் இருக்கட்டும். அவர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடையை அவரையே போர்ட்டலில் எழுதவைத்து, விடுவிப்புப் படிவத்தில் 'போர்ட்டல்' கட்டத்துக்கு அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.